பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

கோப்பாய் சபாபதி நாவலர் 1899இல் வெளியிட்ட ‘திராவிடப் பிரகாசிகை’, தமிழ் மரபினைத் தொகுத்து வரலாறாக உரைக்க முற்பட்ட தொடக்க நூல்களுள் ஒன்று. அதே கோப்பாயில், நாற்பத்தைந்தைக் கடந்த பெண்ணொருத்தி தன் உடலின் மாற்றத்தைக் கூற முற்படின், அம்மரபு அவளுக்கு எச்சொல்லைத் தருகின்றது என்பதே எமது வினா.

உலா இலக்கியம் பெண்ணைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவத்தினளாக வகுத்தது. பாட்டியல் நூல்களின் வயதெல்லைகள் தம்முள் வேறுபடினும், பெருவழக்கான கணக்கிற் பேரிளம்பெண் 40இல் முடிகிறாள். பவனி வரும் தலைவனைக் கண்டு காமுறும் மகளிரை வரிசைப்படுத்தவே எழுந்த வகுப்பாதலின், அதற்கப்பால் அதற்குப் பெண் வேண்டியதில்லை. மாதவிடாய் நிற்பதோ பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில்.

யாழ்ப்பாணச் சமூக வழக்கும் இவ்வழியே சென்றது. சாமத்தியச் சடங்கிற்கு ஊர் கூடும். முடிவிற்கோ ‘நின்றுபோச்சு’ என்ற ஒரு சொல். துடக்கு நீங்கிற்று, கோயிலுக்குத் தடையின்றிப் போகலாம் என ஆறுதல் கொள்ளும் பெண்களும் உளர். அவ்வாறுதலை நாம் எள்ளவில்லை. ஆயின் அதுவும் துடக்கென்னும் கருத்தினை ஏற்றே நிற்கின்றது.

‘மாதவிடாய் நிறுத்தம்’ என்ற பாடநூற் சொல்லும் எமக்கு நிறைவு தரவில்லை. தொடர்ந்து 12 மாதங்கள் வராதபோதே நின்றதெனக் கொள்வர். அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் ஒழுங்கற்ற போக்கு, திடீர் உடற்சூடு, இரவு வியர்வை, உறக்கமின்மை. ‘நிறுத்தம்’ இவ்வாண்டுகளை மறைத்துவிடுகின்றது. பெயரற்றவை வீட்டில் ‘விசர்க் குணம்’ என்ற பெயரைப் பெறுகின்றன. நின்று ஓராண்டின் பின் மீண்டும் தோன்றும் குருதி, புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடியது. உடன் பரிசோதிக்க வேண்டிய அதுவும் ‘இந்த வயதில் அப்படித்தான்’ எனத் தள்ளப்படுகின்றது.

தமிழாற் கூடாதெனச் சாட்டுக் கூறவியலாது. மானிப்பாயில் மருத்துவர் கிறீன் 1857இலேயே மகப்பேற்று மருத்துவத்தைத் தமிழில் தந்தார். பிள்ளைப்பேற்றிற்குச் சொல் தேடிய ஆர்வம், பேறு முடிந்த உடலுக்கு ஏன் எழவில்லை? பூப்பெய்தாத பெண்ணின் உடலைத் தாழ்த்தாது பேசிய அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ போன்ற கதைகள் இன்னும் அரியனவே.

இலங்கையில் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் 35 வயதினின்றே பெண்களை அழைக்கின்றது. உலா கணக்கினை மூடும் வயதிற்குச் சற்று முன்னரே அங்கே ஏடு திறக்கப்படுகின்றது. ஆயினும் குடும்பநல உத்தியோகத்தர் முன் அமர்பவள் சொல்லின்றித் தலைகுனிந்தால் ஏட்டில் என்ன பதிவது? ‘நிறுத்தம்’ என்பதை விடுத்து ‘மாதவிடாய் நிற்கும் காலம்’ என்றேனும் எமது பாடநூல்கள் எழுதத் தொடங்கலாம்.