மறக்காத அம்மாக்கள்

ஒருவர் செய்த தீங்கைப் பொறுத்துக்கொள்வது நல்லது, மறந்துவிடுவது அதைவிட நல்லது என்கிறார் வள்ளுவர். நம்ம ஊர் அரசியல் மேடைகளிலும் மறப்பதும் மன்னிப்பதும் ஜோடியாகத்தான் வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், பிள்ளையைக் கொன்றவன் எதிரே வந்து உட்கார்ந்தால் ஒரு தாய் எதை மறப்பாள்?

'லாங் நைட்ஸ் ஜர்னி இன்ட்டு டே' என்ற ஆவணப்படத்தை மறுபடி பார்த்தேன். பிரான்சஸ் ரீட், டெபோரா ஹாஃப்மன் என்ற இரண்டு பெண்கள் எடுத்து, 2000-ல் சன்டான்ஸ் விழாவில் பரிசு வாங்கிய படம்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி 1994-ல் முடிந்தது. எல்லாரையும் கோர்ட்டில் ஏற்ற முடியாது. ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கவும் முடியாது. ஆகவே, ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996-ல் விசாரணையைத் தொடங்கியது. அரசியல் காரணத்துக்காகச் செய்த குற்றத்தை ஒளிக்காமல் முழுக்கச் சொன்னால் பொதுமன்னிப்பு. கவனியுங்கள், சட்டம் கேட்டது உண்மையை மட்டும்தான். ஒரு 'ஸாரி'கூடக் கேட்கவில்லை. அப்படியும் மனுப்போட்ட 7,112 பேரில் 849 பேருக்குத்தான் கிடைத்தது.

படத்தில் நாலு கதைகள். நாலாவதுதான் உலுக்குகிறது. 1986 மார்ச்சில், கேப் டவுன் பக்கம் குகுலேத்து என்ற இடத்தில் ஏழு கறுப்பு இளைஞர்களை போலீஸ் சுட்டுக் கொன்றது. போராளிகள் போல நடித்து அவர்களோடு பழகி, பயிற்சி கொடுத்து, பொறிக்குள் கூட்டி வந்ததே போலீஸ் ஆட்கள்தான். மகன் உடலைக் கயிறு கட்டி இழுப்பதை ஒரு அம்மா டி.வி. நியூஸில் பார்த்துத்தான் விஷயமே தெரிந்துகொள்கிறார். ஆணையத்தில் அந்த போலீஸ் வீடியோவைப் போட்டுக் காட்டியபோது, ஒரு தாய் ஷூவைக் கழற்றி வீசினார்.

சுட்டவர்களில் ஒரு கறுப்பு போலீஸ்காரர், அந்த அம்மாக்களைச் சந்தித்து மன்னிப்பு கேட்க வருகிறார். ஒரு அறை, சில நாற்காலிகள், அவ்வளவுதான். பின்னணி இசை கண்ணீரைப் பிடித்து இழுப்பதில்லை. நீயும் எங்களில் ஒருவன்தானே என்ற கோபத்தில் அம்மாக்கள் பொரிகிறார்கள். அவர் தலை நிமிரவில்லை. கடைசியில் ஒரு அம்மா, அவருடைய பெயருக்கு 'பிரார்த்தனை' என்றுதானே அர்த்தம் என்று கேட்கிறார். அவரை மகனே என்று கூப்பிட்டு, மன்னித்துவிட்டேன் என்கிறார். எல்லா அம்மாக்களும் இதற்குத் தலையாட்டவில்லை. அதை வெட்டி எறியாமல் வைத்திருப்பதுதான் படத்தின் நேர்மை.

ஒரு குறையும் சொல்லவேண்டும். இந்தக் காட்சியைக் கடைசியில் வைத்ததால், நாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக எழுந்துவிடுகிறோம். இரண்டாவது கதை மறந்துபோகிறது. 1985-ல் கிராடக் ஊர்க்காரர்கள் நாலு பேரைக் கொன்று எரித்த கதை அது. ஒரு போலீஸ் அதிகாரி வந்து வருத்தம் சொல்லியும், விதவைகள் மசியவில்லை. 1999-ல் பொதுமன்னிப்பும் மறுக்கப்பட்டது. சரி, பிறகு கேஸ் நடந்ததா? இல்லை. இப்படிப்பட்ட வழக்குகளை அமுக்கியது யார் என்று விசாரிக்க, அதிபர் ரமபோசா 2025-ல்தான் ஒரு கமிஷன் போட்டார். கொலை நடந்து 40 வருஷம்!

தமிழில் இரண்டையும் மன்னிப்பு என்றுதான் சொல்கிறோம். ஒன்று அரசாங்கம் கொடுப்பது. இன்னொன்று அம்மா கொடுப்பது. அம்மா கொடுத்ததைக் காட்டி அரசாங்கம் தன் வேலையைத் தட்டிக்கழித்தால், அதற்குப் பேர் நல்லிணக்கம் இல்லை. மன்னிக்காத விதவைகளும் அந்த தேசத்தின் அம்மாக்கள்தான்.

குகுலேத்து தாய் எதையும் மறக்கவில்லை. முழுசாகத் தெரிந்துகொண்டு, திட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம்தான் மன்னிக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் வள்ளுவரைவிட அந்த அம்மா சொல்வதுதான் எனக்குச் சரியென்று படுகிறது.

படம் கிடைத்தால் பாருங்கள். முடிந்ததும் இரண்டாவது கதையை இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கள்.