ஏற்பி என்று எப்போது சொல்லலாம்?

தாவரச் செல்லின் சவ்வில் ஊன்றி நிற்கும் ஒரு புரதத்தைக் காட்டி, இந்தப் பெப்டைடுக்கு இதுதான் ஏற்பி என்று துணிந்து சொல்ல என்னென்ன சான்று வேண்டும்? தாவரப் பெப்டைடு சமிக்ஞை ஆய்வுத் துறை கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் கண்ட வளர்ச்சியை இந்த ஒரு கேள்வியை வைத்தே அளந்துவிடலாம். விடை தேடியவர்கள் ஒரே வழியில் போகவில்லை. சங்கீதத்தில் பாணி என்கிறோமே, அதுபோல இங்கும் ஊருக்கு ஒரு பாணி உருவானது.

மூத்தது புல்மன் பாணி. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரையன், பூச்சி கடித்த தக்காளி இலையில் மட்டுமல்லாமல் கடிபடாத இலைகளிலும் பூச்சியின் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்கள் பெருகுவதை 1972இல் காட்டினார். காயத்தின் செய்தியைக் கொண்டுபோவது எது என்ற தேடல் ஏறத்தாழ இருபது ஆண்டு நீடித்தது. கிரெகரி பியர்ஸும் அவரும் சுமார் 27 கிலோ தக்காளி இலையை அரைத்து, வடித்து, கூறு கூறாகப் பிரித்து, கடைசியில் மைக்ரோகிராம் கணக்கில் ஒரு பொருளைப் பெற்றார்கள். 18 அமினோ அமிலங்கள் கோத்த அந்தப் பெப்டைடு, சிஸ்டமின் என்ற பெயரோடு 1991இல் வெளியானது. செடியிலும் பெப்டைடு சமிக்ஞை உண்டென்று உலகம் நம்பத் தொடங்கியது அன்றுதான்.

நகோயா பாணியும் வேதியியல்தான். ஆனால் ஏற்பியையும் கையோடு பிடித்துவர வேண்டும் என்ற பிடிவாதம் அதற்கு உண்டு. நெருக்கமாக வளரும் செல்கள் பிளவுபடுகின்றன, அதே செல்களை அடர்த்தி குறைத்து விட்டால் நின்றுவிடுகின்றன. அப்படியானால் வளர்ப்பு நீரில் ஏதோ கசிந்திருக்க வேண்டும். மட்சுபயாஷியும் சகாகமியும் அஸ்பாரகஸ் செல்களின் வளர்ப்பு நீரிலிருந்து அந்தப் பொருளை 1996இல் பிரித்தார்கள். வெறும் ஐந்து அமினோ அமிலங்கள். அவற்றுள் இரண்டு டைரோசின்களின் மேல் சல்பேட். பெயர் ஃபைட்டோசல்ஃபோகைன். பிறகு அந்தப் பெப்டைடையே தூண்டிலாக வைத்து, கேரட் செல்களின் சவ்வுப் புரதங்களிலிருந்து அதன் ஏற்பியை 2002இல் இழுத்தெடுத்தார்கள்.

பாசடீனாவில் எலியட் மெயரோவிட்ஸின் குழுவினர் சென்றது மரபியல் வழி. அரபிடாப்சிஸ் செடியின் தண்டு நுனி ஆக்குத்திசு வரம்பு மீறிப் பருத்து, கனியில் கூடுதல் சூலிலைகள் தோன்றும் சடுதிமாற்றங்களை அவர்கள் துருவினார்கள். கிளவேட்டா1 மரபணு 1997இல் கிடைத்தது. அது ஒரு ஏற்பி கைனேஸ். கிளவேட்டா3 1999இல் கிடைத்தது. அது சவ்வுக்கு வெளியே சுரக்கும் சிறு புரதம். இரண்டும் ஒரே பாதையில் இருப்பதை மரபியல் ஐயமில்லாமல் சொன்னது. ஆனால் ஒன்று மற்றொன்றை நேரடியாகத் தொடுகிறது என்பதைக் காட்ட 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் காட்டியது நகோயா.

பாசல் நகரில் தாமஸ் போலரும் கேயோர்க் ஃபெலிக்ஸும் கையாண்ட சோதனை எளிமையானது. செல்கள் எதையாவது உணர்ந்தால் சில நிமிடங்களில் வளர்ப்பு நீரின் காரத்தன்மை ஏறும். அதை அளந்தால் போதும். பாக்டீரியாவின் கசையிழைப் புரதத்தில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டைச் செடி அடையாளம் காண்கிறது என்பதை 1999இல் இப்படித்தான் கண்டார்கள். மறு ஆண்டே அதன் ஏற்பியான எஃப்எல்எஸ்2 மரபியல் வழியாகச் சிக்கியது. பின்னர் அரபிடாப்சிஸின் அந்த ஏற்பியைத் தக்காளிச் செல்லில் வைத்தபோது, தக்காளி அரபிடாப்சிஸைப் போலவே தேர்ந்து உணரத் தொடங்கியது. ஏற்பியை மாற்றினால் உணர்வும் மாறுகிறது என்று காட்டும் இந்தச் சோதனையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இத்தனை தரக்கட்டுப்பாடு ஏன் வேண்டும் என்பதற்குச் சிஸ்டமினின் கதையே பதில். அதன் ஏற்பி என்று எஸ்ஆர்160 என்ற புரதத்தை ரையன் குழு 2002இல் அறிவித்தது. பார்த்தால், அது பிராசினோஸ்டீராய்டு என்ற வேறொரு ஹார்மோனை உணரும் பிஆர்ஐ1 ஏற்பியே! ஒரே ஏற்பிக்கு இரண்டு வேலையா என்று துறையே வியந்தது. ஆனால் பிஆர்ஐ1 பழுதான தக்காளிச் செடிகளும் காயத்துக்கு வழக்கம்போல் எதிர்வினை காட்டின. பிணைப்புச் சோதனை சொன்னதை மரபியல் ஏற்க மறுத்தது. சிஸ்டமினை உணராத காட்டுத் தக்காளி இனமொன்றின் குரோமோசோம் துண்டுகளைச் சுமந்த வரிசைகளை ஆராய்ந்து, ஃபெலிக்ஸ் உள்ளிட்ட குழு 2018இல் எஸ்ஒய்ஆர்1 என்ற உண்மையான ஏற்பியைக் கண்டது. பெப்டைடுக்கும் ஏற்பிக்கும் இடையே 27 ஆண்டுகள்! இதை ரையனின் தோல்வியாக நான் எண்ணவில்லை. பிணைப்பு, மரபணு இழப்பு, ஏற்பி மாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு இந்த நீண்ட விவாதத்தில்தான் இறுகியது.

கடைசியாக வந்தவர்கள் படிகக் கட்டமைப்பாளர்கள். இந்த ஏற்பிகளில் பலவற்றின் வெளிப்பகுதி, லூசின் மிகுந்த மடிப்புகள் அடுக்கடுக்காகச் சுருண்டு வளைந்த உருவம் கொண்டது. பெப்டைடு அதன் உள்வளைவில் நீள வாட்டில் படிகிறது. பெய்ஜிங்கில் ஜிஜியே சாயின் குழு 2013இல் வெளியிட்ட படத்தில், எஃப்எல்எஸ்2மேல் படிந்த கசையிழைத் துண்டின் வால்முனை, பிஏகே1 என்ற துணை ஏற்பியையும் தொட்டு இரண்டையும் ஒட்டவைத்திருந்தது. சவ்வுக்கு வெளியே இரண்டும் நெருங்கினால், உள்ளே அவற்றின் கைனேஸ் பகுதிகள் ஒன்றுக்கொன்று பாஸ்பேட் ஏற்றிக்கொள்கின்றன. இதழ் உதிர்வைத் தூண்டும் ஐடிஏ பெப்டைடும் ஹேசா என்ற ஏற்பியையும் அதன் துணையையும் இவ்வாறே இணைப்பதை ஜெனீவாவில் ஹோத்தோர்ன் குழு 2016இல் காட்டியது. ஃபைட்டோசல்ஃபோகைன் மட்டும் துணையைத் தொடுவதில்லை. ஏற்பியின் ஒரு பகுதியை உறுதியாக்கி, துணை வந்து சேர இடம் அமைத்துத் தருகிறது.

அரபிடாப்சிஸில் 600க்கும் மேற்பட்ட ஏற்பி வகைக் கைனேஸ்கள் உண்டு. அவற்றுள் ஃபெரோனியா இந்த இலக்கணத்துக்குள் அடங்க மறுக்கிறது. அதன் வெளிப்பகுதியில் லூசின் மடிப்பே இல்லை. ரையன் குழு 2001இல் கண்ட ரால்ஃப் பெப்டைடுகளை அது உணர்கிறது என்பது 2014இல் தெரியவந்தது. அதற்கு எல்எல்ஜி என்ற சிறு புரதத்தின் துணையும் வேண்டும். நேர்மின்னேற்றம் கொண்ட ரால்ஃப், செல் சுவரின் பெக்டினோடும் பிணைகிறது. ஃபெரோனியாவும் பெக்டினைப் பற்றுகிறது. ஆகவே இங்கே தூய்மையாக்கிய இரண்டு புரதங்களைக் குழாயில் கலந்து பிணைப்பை அளந்தால் மட்டும் போதாது. செல் சுவர் உடனிருக்கும்போதும் அளக்க வேண்டும்.