மலைவழியும் மனித அடிச்சுவடும்

மலைநாட்டில் ஒரு வாரம் நடந்து திரும்பியவர் எழுதும் கட்டுரைக்கு நம்மிடையே ஓர் அச்சு உருவாகிவிட்டது. முதலில் பனிமூட்டம் வரும்; அடுத்து அருவி; பின்னர்ப் பச்சைக் கம்பளம்; இறுதியில் நகரத்து இரைச்சலை மறந்த உள்ளத்தின் அமைதி. இவற்றில் எதுவும் பொய்யன்று. ஆயினும் இவை மட்டுமே சேர்ந்து மலையாகிவிடுமா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் கேள்வி.

நாம் கோமாரிக் கடற்கரையில் வாழ்பவர்கள். கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் ஆண்டுதோறும் நம்மூர் வழியாகவே பொத்துவிலுக்கும் உகந்தைக்கும் போகின்றனர். நேர்த்திக்காக நடப்போரை அறிவோம். பிழைப்புக்காக நடப்போரையும் அறிவோம். விடுமுறைக்காக நடப்பது நமக்குப் புதிது. சென்ற விடுமுறையில் மாணவர் சிலரோடு அப்புத்தளை, எல்ல மலைகளில் ஏழு நாள் நடந்தோம். திரும்பியதும் அனைவரையும் கட்டுரை எழுதச் சொன்னோம். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கம்பளத்தில் தைத்த வண்ணப்பூக்கள் என்று எழுதிய மாணவனுக்கு உயர்ந்த புள்ளி வழங்கினோம். இன்னொரு மாணவி, கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு தாயின் நிறை குறைந்ததையும், அன்று அவருக்கு அரைப்பேரே விழுந்ததையும் நான்கு வரியில் எழுதியிருந்தாள். அதன் ஓரத்தில் ‘இயற்கை வருணனை போதாது’ என்று சிவப்பு மையால் குறித்தோம். தமிழ் கற்றுப் பட்டம் பெற்ற நாம் செய்த பிழை இது.

பிழை என்று சொல்வதற்கு ஆதாரம் நமது பழைய இலக்கணத்திலேயே இருக்கிறது. நிலத்தின் கருப்பொருளைத் தொல்காப்பியம் தொகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை என்பவற்றோடு ‘செய்தி’யையும் சேர்க்கின்றது. செய்தி என்பது அந்நிலத்து மக்களின் தொழில். தினைப்புனம் காப்பதும் கிழங்கு அகழ்வதும் தேன் எடுப்பதும் இல்லாத வெறும் குன்று குறிஞ்சியாகாது என்பதே அதன் பொருள்.

மலைவழி நடைக்கென்றே நம்மிடம் ஓர் இலக்கியம் உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆனது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், வறுமையோடு எதிரே வரும் கூத்தனுக்கு வழி கூறுகின்றான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, புனங்காவலர் எறியும் கவண்கல் எங்கே பாயும், பாறை எங்கே வழுக்கும், எந்தக் குடியில் உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்கின்றான். மலையில் எழும் ஒலிகளை அடுக்கும்போது அருவியோடும் களிற்றோடும் தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டையும் சேர்த்தே எண்ணுகின்றார் பெருங்கௌசிகனார். அவர் கேட்ட மலையில் உலக்கை ஒலித்தது. நமது கட்டுரைகளின் மலையிலோ அருவி மட்டுமே ஒலிக்கின்றது.

அண்மைக்காலத்தில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியுமாறு, 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பெக்கோ’ நடைவழி அமைக்கப்பட்டுள்ளது. உலகெங்குமிருந்து நடைப்பிரியர் வருகின்றனர். வெள்ளைத் துரைமார் காலத்தில் தேயிலை கொண்டுசெல்ல வெட்டப்பட்ட பழைய தோட்டப்பாதைகளே அதில் பெரும்பகுதி. அவ்வழி லூல்கந்துரத் தோட்டத்தையும் தொடுகின்றது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் அங்கு 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்று பாடநூல் கூறும். குழி வெட்டிய கைகளின் பெயரைக் கூறாது.

அக்கைகளுக்கு உரியோரும் நடந்தே வந்தவர்கள். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியாகி வழியிலேயே மடிந்தோர் மிகப் பலர். மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக, 2023 யூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தது. அந்நடையும் மலையை நோக்கிய நடைதான். மலைநடையை எழுதும் கட்டுரைகளில் அதற்கு ஏன் இடமில்லை?

விடுமுறையைப் பழிப்பது நமது நோக்கமன்று. ஓய்வு உழைப்பவரின் உரிமை. மாணவர் மலைக்குச் செல்லவே வேண்டும். வரிக்கு வரி ஒப்பாரி வைக்கவும் நாம் கேட்கவில்லை. தொழிலை அறியாது வடிக்கும் இரக்கம் பனிமூட்டத்தைப் போன்ற இன்னொரு திரையே. தோட்டத்தில் பிறந்து, 1947 இல் தலவாக்கலை உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலை மலையின் விடியலைப் பறையொலியோடு சேர்த்தே பாடினார். அதனால் அவ்விடியலின் அழகு குறையவில்லை. அது யாருடைய விடியல் என்பது தெளிவாயிற்று.

ஆகவே, நடைப்பயண எழுத்தை நாம் அளக்கும் கோல் இதுவே: எழுதியவர் நடந்த பாதையை வெட்டியவர் யார், இன்று அதில் தினமும் நடப்பவர் யார், அவர் தலையில் சுமப்பது என்ன என்பவை அவ்வெழுத்தில் தெரிகின்றனவா? தெரியவில்லையெனில், எத்துணை இனிய நடையாயினும் அது குறைபட்ட எழுத்தே.

அம்மாணவியின் தாளைத் திரும்ப வாங்கினோம். நாம் எழுதிய குறிப்பை அடித்து, புள்ளியைத் திருத்தினோம். வகுப்பில் அந்நான்கு வரிகளையும் உரக்கப் படிக்கச் செய்தோம்.