மாவடு
மாவின் பிஞ்சுக்கு வடு என்று பெயர். பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல், தென்னைக்கும் பனைக்கும் குரும்பை. பிஞ்சு என்ற பொதுச்சொல் இருந்தும் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் சூட்டிய பரிவு அருமையானது. இவற்றுள் அடுக்களையில் இன்றும் உயிரோடு புழங்குவது வடு. மாசி, பங்குனியில் சிறு காம்பு விட்டுப் பறித்த உருண்டை வடுக்களில் விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்பு, மஞ்சள், கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி சேர்த்து ஜாடியில் குலுக்கி வைப்பார்கள். சில நாளில் வடு தானே நீர் விடும். வழவழத்த பச்சைத்தோல் மெல்ல மெல்லச் சுருங்கும். தினமும் மறவாமல் கிளறிவிடும் பொறுமைதான் இதில் கைப்பக்குவம். ஊறிய வடுவைத் தயிர்ச்சோற்றோடு கடித்தால் நறுக்கென்று உடையும். உள்ளே கொட்டை முற்றாததால் அதையும் சேர்த்தே மெல்லலாம். ஜாடியின் அடியில் தேங்கும் காரச்சாறும் சோற்றில் பிசையத் தனிச்சுவை.