தொண்டைப் புண்ணும் 'டிக்' அசைவுகளும்: ஒரு கருதுகோளின் மீது சில கேள்விகள்

நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் திடீரென்று கண்களை ஓயாமல் சிமிட்டத் தொடங்குகிறான். சில நாட்களில் தோளையும் குலுக்குகிறான். தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறான். "சும்மா இருடா" என்று தாயார் அதட்டினால் சிறிது நேரம் அடக்கிக்கொள்கிறான். பிறகு அது முன்னிலும் வேகமாக வந்துவிடுகிறது. மருத்துவர்கள் இவ்வகை அசைவை 'டிக்' என்கின்றனர். இது வலிப்பு நோயன்று. வேண்டுமென்றே செய்யும் குறும்புமன்று. 1885-ஆம் ஆண்டில் ழில் த லா டூரெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இத்தகைய ஒன்பது நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். பல அசைவு டிக்குகளும் குரல் டிக்கும் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் நீடித்தால், அதற்கு அவர் பெயரையே இட்டு 'டூரெட் நோய்' என்கிறோம்.

"போன மாதம் இவனுக்குத் தொண்டைப் புண் வந்தது, டாக்டர், அதிலிருந்துதான் இப்படி" என்று தாயார் சொன்னால் மருத்துவர் என்ன விடை கூறுவது? இக்கேள்விக்கு 'ஆம், அதுவே காரணமாக இருக்கலாம்' என்று துணிந்து கூறிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று 1998-இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் அந்நாட்டின் தேசிய மனநல ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த சூசன் ஸ்வீடோவும் அவருடைய குழுவினரும். ஐம்பது குழந்தைகளை ஆராய்ந்து, 'பாண்டாஸ்' என்னும் புதிய நோய்த் தொகுதியை அவர்கள் முன்வைத்தனர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைச் சார்ந்து குழந்தைகளுக்கு வரும் தன்னெதிர்ப்பு நரம்பு-மனக் கோளாறுகள் என்பது அந்த ஆங்கிலச் சுருக்கத்தின் பொருள். நாவில் எளிதாக ஒட்டிக்கொள்ளும் பெயர்! ஒரு கருதுகோள் பரவுவதில் பாதி வேலையைப் பெயரே செய்துவிடுகிறது என்று எனக்குச் சில வேளைகளில் தோன்றுவதுண்டு.

கருதுகோள் வெறுங்கற்பனையில் எழுந்ததன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது மணி கோத்தாற்போல் சங்கிலியாக வளரும் நுண்ணுயிர். அதன் 'ஏ' பிரிவு தொண்டையைத் தாக்கும்போது, உடல் அதனை எதிர்க்க எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. சிலரிடம் இவை நுண்ணுயிரின் புறப்பகுதியை ஒத்திருக்கும் தம் உடலின் திசுக்களையே பகையென எண்ணித் தாக்கிவிடுகின்றன. இதயம் தாக்கப்பட்டால் கீல்வாதக் காய்ச்சலில் காணும் வால்வுக் கோளாறு தோன்றுகிறது. மூளையின் ஆழத்தில் அசைவுகளைச் சீர்செய்யும் 'பேசல் காங்கிலியா' என்னும் நரம்பணுத் திரள்கள் தாக்கப்பட்டால், கைகால்கள் ஒழுங்கின்றித் துள்ளும் 'கொரியா' உண்டாகிறது. 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சைடன்ஹாம் இந்நோயை வருணித்துவிட்டார். கொரியா கண்ட குழந்தைகள் பலரிடம், திரும்பத் திரும்பக் கை கழுவுவது போன்ற எண்ணச் சுழற்சி நோயின் அறிகுறிகளையும் ஸ்வீடோ குழுவினர் கண்டிருந்தனர். அப்படியானால் கொரியா இல்லாமலே, டிக்கும் எண்ணச் சுழற்சியும் மட்டும் அதே வழியில் தோன்றலாம் அல்லவா? வினா நியாயமானது. இதை எழுப்பியதற்காக அவர்களைப் பாராட்டவே வேண்டும்.

விடை கண்ட முறையில்தான் குறை இருக்கிறது.

பாண்டாஸ் என்று சொல்ல ஐந்து அடையாளங்களை வகுத்தனர். டிக் அல்லது எண்ணச் சுழற்சி இருக்க வேண்டும். பருவம் எய்துமுன் தொடங்க வேண்டும். திடீரெனத் தோன்றி, ஏறியும் இறங்கியும் வர வேண்டும். நரம்பு தொடர்பான வேறு சில மாறுதல்களும் காணப்பட வேண்டும். ஐந்தாவது, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுடன் காலத்தொடர்பு இருக்க வேண்டும். எதை மெய்ப்பிக்க வேண்டுமோ அதுவே இங்கு சேர்க்கைத் தகுதியாகிவிட்டது! தொற்றுடன் தொடர்புள்ள குழந்தைகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, 'இவர்களிடம் தொற்றுடன் தொடர்பு காணப்படுகிறது' என்று கூறினால் வியப்பதற்கு என்ன இருக்கிறது? ஒப்பீட்டுக்காக வேறொரு குழந்தைக் குழுவும் அக்கட்டுரையில் இல்லை.

எண்களையும் சற்றுக் கூர்ந்து பார்ப்போம். அந்த ஐம்பது குழந்தைகளிடம் நோய் மிகைப்பட்ட தடவைகள் மொத்தம் 144. அவற்றுள் சோதனையால் உறுதி செய்யப்பட்ட தொற்றுடன் சேர்ந்து வந்தவை 45. அதாவது நூற்றுக்கு 31. இதைவிடப் பெரிய பங்கு, 60 தடவைகளில், தொண்டை வலியோ சளித்தொல்லையோ இருந்தது. ஆனால் தொண்டையிலிருந்து பஞ்சால் தொட்டெடுத்து நுண்ணுயிரை வளர்த்துப் பார்க்கவில்லை. குழந்தைகளின் தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. இந்த அறுபதையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் கணக்கில் வரவு வைக்க இயலாது.

சோதனையில் நுண்ணுயிர் தென்பட்டாலும் தொல்லை தீர்வதில்லை. எந்த நோயும் இல்லாத பள்ளிக் குழந்தைகளிலேயே ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் இதனைத் தொண்டையில் சுமந்து திரிகின்றனர். மறுபுறம், டிக் அசைவுகளும் காரணம் எதுவுமின்றியே வாரக் கணக்கில் ஏறி இறங்கும் இயல்புடையவை. இவ்விரண்டும் மிகுந்திருப்பது அதே ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள்தான். அடிக்கடி வரும் இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே மாதத்தில் சந்தித்துக்கொள்வதற்கு உறவு எதுவும் தேவையில்லை; தற்செயலே போதும்.

ஆகவே குழந்தைகளை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு, தொண்டையையும் குருதியையும் தொடர்ந்து சோதித்தபடி காத்திருந்து பார்ப்பதே நேரான வழி. அமெரிக்காவில் ரோஜர் குர்லானும் குழுவினரும் அவ்வாறு செய்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். பாண்டாஸ் அடையாளங்கள் பொருந்திய 40 குழந்தைகள். அவர்களுக்கு இணையாக, டிக் அல்லது எண்ணச் சுழற்சி இருந்தும் பாண்டாஸ் இல்லாத 40 குழந்தைகள். சுமார் இரண்டு ஆண்டுகளில் 64 தடவை நோய் மிகைப்பட்டது. அவற்றுள் ஐந்து மட்டுமே தொற்றையடுத்து நான்கு வாரத்துக்குள் வந்தவை. அந்த ஐந்தும் பாண்டாஸ் குழந்தைகளிடமே வந்தன என்பதையும், தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கை 1.6 தான் என்பதையும் மறைக்கக் கூடாது. சிறியதொரு சமிக்ஞை இருக்கிறது. ஆனால் அக்குழந்தைகளிடம் நோய் மிகைப்பட்ட தடவைகளில் முக்கால் பங்குக்கு மேல் தொற்றின் நிழலே படவில்லை.

கருதுகோளின் ஆதரவாளர்கள் இங்கு ஒரு தடை எழுப்பலாம்: கொரியா தொற்றுக்குப் பல மாதங்கள் கழித்தும் வருகிறதே, நான்கு வாரக் கெடு போதுமா? தடை பொருத்தமானதே. எனினும் கெடுவை ஆறு மாதமாக நீட்டினால், பள்ளிக் குழந்தைகளுக்கு வரும் எந்தத் துன்பத்துக்கும் முன்னால் ஒரு தொண்டைத் தொற்றைக் கண்டுபிடித்துவிடலாம். எந்தச் சோதனையாலும் தோற்கடிக்க முடியாத கருதுகோள் அறிவியலுக்குப் பயன்படாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆய்வு ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலுமாக 16 மையங்களில் நடந்தது. 3 முதல் 16 வயது வரையிலான, நீடித்த டிக் உடைய 715 குழந்தைகளைச் சராசரியாக 16 மாதங்கள் பின்தொடர்ந்தனர். முடிவு 2021-இல் வெளியாயிற்று. 308 குழந்தைகளிடம் 405 தடவை டிக் மிகைப்பட்டது. அவற்றுள் தொற்றுடன் காலத்தால் ஒட்டி வந்தவை, தொற்றை எவ்வாறு வரையறுத்தாலும், நூற்றுக்கு 5.5 முதல் 12.9 வரைதான். தொற்று டிக்கை மிகைப்படுத்துகிறது என்பதற்குச் சான்று கிட்டவில்லை. யாரும் எதிர்பாராத வேறொன்று தென்பட்டது: தொற்றுக் காலங்களில் மிகைச் சுறுசுறுப்பும் அவசரப்போக்கும் ஓரளவு கூடின.

கதை இத்துடன் முடிந்திருந்தால் விமரிசகனுக்கு வேலை எளிது. ஆனால் டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மருத்துவப் பதிவேடுகளை அலசி 2017-இல் வந்த கட்டுரையை என்ன செய்வது? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சோதனையில் 'உண்டு' என்று வந்த குழந்தைகளுக்கு, சோதனையே செய்துகொள்ளாதவர்களைவிட டிக் கோளாறு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 35 மடங்கன்று, 35 விழுக்காடு மிகுதியாக இருந்தது. எண்ணச் சுழற்சி நோய்க்கு 51 விழுக்காடு. ஆதரவாளர்கள் மகிழலாம். அதே கட்டுரையின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: சோதனையில் 'இல்லை' என்று வந்த, வேறு தொண்டைத் தொற்று கண்ட குழந்தைகளுக்கும் டிக் வாய்ப்பு 25 விழுக்காடு மிகுதி. குற்றவாளி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும்தானா, எந்தத் தொற்றின் அழற்சியும் இதில் பங்கு கொள்கிறதா, அல்லது அடிக்கடி மருத்துவரிடம் போகும் குடும்பங்களில் எல்லா நோயும் எளிதில் கண்டறியப்படுகிறதா என்பதைப் பதிவேடு சொல்லாது.

இது ஆய்வாளர்களுக்குள் நடக்கும் வாதம் மட்டும் என்றால் மாத இதழில் இத்தனை பக்கம் தேவையில்லை. இதன் பேரில் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கப்படுகிறது. 1999-இல் 37 குழந்தைகளுக்கு நான்கு மாதம் பெனிசிலினும் நான்கு மாதம் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தனர். இரு காலங்களிலும் தொற்று ஏறத்தாழ ஒரே அளவில் வந்தமையால் எம்முடிவும் சொல்ல முடியவில்லை. 2005-இல் 23 குழந்தைகளுக்குப் பெனிசிலின் அல்லது அசித்ரோமைசின் ஓராண்டு கொடுத்து, முந்திய ஆண்டைவிட நோய் குறைந்தது என்றனர். போலி மாத்திரைக் குழு இல்லை. குழந்தையை ஆய்வில் சேர்ப்பதே நோய் கடுமையாக இருக்கும்போதுதான். காய்ச்சல் உச்சத்தில் கஷாயம் குடித்தவன், மறுநாள் தணிந்ததைக் கஷாயத்தின் கணக்கில் எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. குருதியிலிருந்து பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சையும், இம்யூனோகுளோபுலினை நரம்பில் ஏற்றும் சிகிச்சையும் 1999-இல் 29 குழந்தைகளிடம் நல்ல பலன் தந்ததாக அறிவிக்கப்பட்டது. பிளாஸ்மா மாற்றப்பட்டவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது. 2016-இல் 35 குழந்தைகளிடம், யாருக்கு எது ஏற்றப்பட்டது என்பதை மறைத்து இம்யூனோகுளோபுலினை மட்டும் சோதித்தபோது, போலி மருந்தைவிட அது மேலானது என்று காட்ட முடியவில்லை.

தாயாரின் கேள்விக்குத் திரும்புவோம். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று உறுதியானால், டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெனிசிலின் வகை மருந்தை முழு அளவில் கொடுத்தே தீர வேண்டும்; இதயத்தைக் காக்க அது இன்றியமையாதது. கைகால் துள்ளலோ மூட்டு வீக்கமோ இருந்தால் அது கீல்வாதக் காய்ச்சலா என்று உடனே பார்க்க வேண்டும். ஆனால் டிக் ஒன்றுக்காக மட்டும் ஆண்டுக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுப்பதற்குச் சான்று போதாது. குருதியில் எதிர்ப்பொருள் அளவு ஒருமுறை உயர்ந்திருப்பதும் சான்றாகாது. அது சில மாதங்களுக்கு முந்திய தொற்றின் எச்சமாக இருக்கலாம். சில வார இடைவெளியில் இருமுறை அளந்து, ஏற்றம் தெரிந்தால்தான் புதிய தொற்று எனலாம். டிக் பெரும்பாலும் 10, 12 வயதில் உச்சத்தை அடைந்து, பிறகு பலரிடம் தானே தணிகிறது. அதுவரை பயிற்சி மூலம் அசைவைக் கட்டுப்படுத்தக் கற்பிக்கும் சிகிச்சை முறைகள் நன்கு சோதிக்கப்பட்டவை. தொண்டையையே தேடிக்கொண்டிருக்கும் குடும்பம் அவற்றுக்குத் தாமதமாகவே வந்து சேர்கிறது.

ஒரே இரவில் குணம் மாறி, உணவை மறுத்து, அச்சத்தில் உறைந்துபோகும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பெற்றோர் அதைக் கற்பனை செய்யவில்லை. அவர்களுக்காக ஸ்வீடோவும் இரு துணை ஆசிரியர்களும் 2012-இல் 'பான்ஸ்' என்ற புதிய வரையறையை வகுத்தனர். திடீரெனத் தோன்றும் எண்ணச் சுழற்சியோ உணவு மறுப்போ அதற்கு முதல் அடையாளம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று அதில் கட்டாயமில்லை. டிக்கும் முதல் அடையாளங்களில் இடம் பெறவில்லை.