சும்மா இருக்கிற நேரம்

கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் இப்போது வீட்டுக்கு வீடு யூடியூப் சேனல் யோசனை. "மழையை நம்பி உளுந்து விதைக்கிறதுக்கு போனை நம்பலாம்" என்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்துத் தாத்தாவும் பேரன்களும் சமைத்தே 2021 ஜூலையில் ஒரு கோடிச் சந்தாதாரரைத் தொட்டார்களே என்று உதாரணமும் காட்டுகிறார்கள்.

மானாவாரிக்காரனுக்கு இன்னொரு வழி வேண்டும். 2018இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்ததைப் பார்த்தவன் நான், மறுக்க மாட்டேன். வீட்டை விட்டு நகர முடியாத பெண்ணின் கைக்கு நாலு காசு வந்தால் நல்லதுதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரரும், ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதாவது 2,40,000 நிமிடம். ஆளுக்கு மூன்று நிமிடம் பார்த்தால் 80,000 முறை பார்க்கப்பட வேண்டும். பருத்திக் காட்டுக்கும் கம்மங்கூழுக்கும் சேராத கூட்டம் மழலைக்குச் சேர்கிறது. மூன்றாவது மாதம் பிள்ளை கேமரா முன்னால் வந்து நிற்கிறது.

என் ஆட்சேபம் இங்கேதான். இது தீப்பெட்டி ஆபீஸ் ஊர். விடியுமுன் பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன ஊர். பூமணி 'கருவேலம் பூக்கள்' படம் எடுத்தது அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். 14 வயதுக்குக் கீழே தீப்பெட்டி வேலை கூடாது என்று 1986இல் சட்டம் வந்தும் பஸ் நிற்கவில்லை. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சட்டத்தை மீறும் முதலாளி பிள்ளை ஒன்றுக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

"விளையாட்டுப்போல நடிக்குது, இதைப்போய் வேலைங்கலாமா?" என்று கேட்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டவைத்த காலத்திலும் இதே பேச்சுதான்: "சும்மா இருக்கிற நேரத்துலதானே ஒட்டுது." பிள்ளைக்குச் சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று உண்டு என்பதையும், அது பிள்ளையின் சொத்து என்பதையும் நாம் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

மருந்து நெடி இல்லையே என்பார்கள். சரி. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பிள்ளை அந்தியில் தன் முகத்தோடு வீடு திரும்பியது. இங்கே ஆறு வயதில் அழுத அழுகை, பதினாறு வயதில் வகுப்புத் தோழர்கள் கையில் கிடைக்கும்.

2016 சட்டத் திருத்தம் படம், விளம்பரம், தொடரில் பிள்ளைகள் நடிக்க இடம் விட்டது. அதற்கும் 2017 விதிகளில் கட்டுப்பாடு உண்டு: மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி, நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, பிள்ளையின் சம்பாத்தியத்தில் 20 சதவீதமாவது அதன் பெயரில் வங்கியில் இருக்க வேண்டும். வீட்டுச் சேனலில் தயாரிப்பாளர் அப்பா, டைரக்டர் அம்மா. அந்த வீட்டுக்குள் போய் நேரம் பார்ப்பது யார்?

போன பொங்கலுக்குத் தெரிந்தவர் வீட்டில் ஒரு சிறுமி அதே பணியாரத்தை நாலாவது தடவையாகக் கடித்தாள். வெளிச்சம் சரியில்லையாம். "சிரிம்மா, சிரி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அவளுக்கு வாயைத் துடைத்துக்கொள்ளவும் அனுமதி இல்லை.

பாப்பா பேரில் பாஸ்புக் ஏதாவது போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"சேனலுக்கே அவ பேருதானே வச்சிருக்கோம்" என்றார் அவள் அப்பா.