இரண்டாம் பக்கம்

'எல்லோரும் சேர்ந்து செய்தோம்' என்று யாராவது சொன்னால், அதில் பெண்ணின் உழைப்பு எங்கே போனது என்று தேடுவது என் வழக்கம். ஆங்கில இசைக்குழு ஹென்றி கவ்வின் 'வெஸ்டர்ன் கல்ச்சர்' ஆல்பத்தையும் அப்படித்தான் கேட்கிறேன்.

1968இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய குழு இது. ராக், ஜாஸ், நவீன செவ்வியல் இசை எல்லாம் கலந்து வாசித்தது. முடிவுகளைக் கூடிப் பேசி எடுத்தது. 1974இல் லிண்ட்சே கூப்பர் பசூன் வாசிக்க வந்தார். பாடகி டாக்மார் கிராவுசேயும் பாஸ் கிதார் வாசித்த ஜார்ஜி பார்னும் பின்னர் சேர, ஆறு பேரில் மூவர் பெண்கள். அன்றைய ராக் உலகில் இது அபூர்வம். ஆனால் 1978 கோடையில் சுவிட்சர்லாந்தில் இந்தக் கடைசி ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தபோது, அந்த மூவரில் கூப்பர் மட்டுமே எஞ்சியிருந்தார்.

1979இல் வெளிவந்த இந்த ஆல்பத்தில் பாட்டே கிடையாது. முதல் பக்கம் டிம் ஹாட்ஜ்கின்சன் எழுதியது, இரண்டாம் பக்கம் கூப்பருடையது. வெகுநாள் வரை முதல் பக்கத்தைத்தான் கனமான இசை என்று கொண்டாடினேன். இரண்டாவதை மென்மையானது என்று ஒதுக்கினேன். ஒருநாள் யார் எழுதியது என்பதை மறந்து கேட்டேன். 'ஃபாலிங் அவே' சட்டென்று திசை மாறுகிறது, தாளம் காலை வாரிவிடுகிறது. இதில் மென்மை எங்கே இருக்கிறது? அட்டையில் இருந்த பெண் பெயரைத்தான் நான் அத்தனை நாளும் கேட்டிருக்கிறேன்.

'கிரெட்டல்ஸ் டேல்' என்ற தலைப்பைப் பாருங்கள். கிரிம் சகோதரர்களின் கதைத் தலைப்பில் அண்ணன் ஹான்சல் பெயர்தான் முதலில் வரும். சூனியக்காரியை அடுப்பில் தள்ளி அவனைக் காப்பாற்றுகிறவளோ கிரெட்டல். கூப்பர் கதையை அவளுக்கே எழுதிவைக்கிறார். அதில் பியானோ வாசிப்பவர் சுவிஸ் கலைஞர் ஐரீன் ஷ்வைட்சர். 1977இல் கூப்பரும் மேகி நிக்கல்ஸும் தொடங்கிய ஃபெமினிஸ்ட் இம்ப்ரவைசிங் குரூப்பில் அவரும் வாசித்தவர். ஆக, ஆண்கள் தொடங்கிய குழுவின் தட்டுக்குள் பெண்களின் இன்னொரு கூட்டும் நுழைந்திருக்கிறது.

கடைசிப் பாடத்தின் தலைப்பு 'பாதி வானம்' என்று பொருள்படும். வானத்தின் பாதியைப் பெண்கள் தாங்குகிறார்கள் என்ற மாவோ காலத்து வாசகத்தை அது நினைவூட்டுகிறது. கூப்பர் இதை ஹாட்ஜ்கின்சனுடன் சேர்ந்து எழுதினார். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே பதிவானதால், பின்னர் குழுவிலிருந்து விலகிய பார்னின் பாஸ் இதில் இருக்கிறது.

பக்கங்களை ஆளுக்கொன்றாகப் பிரித்ததில் கூட்டின் விரிசல் தெரிகிறது என்று சொல்லலாம். இருக்கட்டும். 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் கூப்பர் கரைந்துபோகாமல் இருப்பதும் அந்தப் பிரிவினால்தான். கூடிச் செய்த வேலையில் யார் எதைச் செய்தார் என்று எழுதிவைப்பது கூட்டுக்குத் துரோகமல்ல. அது எழுதப்படாத இடங்களில், மறக்கப்படுவது பெரும்பாலும் நம் பெயர்தான்.